அவர் வெளியே வந்தார், அதுவும் வெளியே வந்தது

முதல் நாள் அந்த அக்கா என் மேசைக்கு வந்தபோது செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. துடைத்த தரையைப் பார்த்துவிட்டு அவராகவே கழற்றி, வெளியே விட்டால் நனையும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு, கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். இன்னொரு கையில் மஞ்சள் துணிப்பை. அவர் பையைத் திறந்ததும் கடை முழுக்கப் பூண்டு வாசம் அடித்தது. நான் தலையை நிமிர்த்தாமலே, "உக்காருங்கக்கா, இத முடிச்சிட்டு வர்றேன்" என்றேன். அவர் உட்காரவில்லை. கையிலிருந்த வேலையை நான் முடிக்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே நின்றார். இத்தனை வருட வேலையில் என் முன்னால் வந்து நின்ற முகங்களில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது மட்டும் மறக்கவில்லை.

என் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மூலையில் ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெஞ்சும். தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பேன். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொல்வேன். இருபத்தைந்து வருடமாக இதுதான் சோறு போடுகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, மகன் வெளிநாட்டில் இருக்கும்போது அப்பா இறந்துபோனது, ஓட்டலில் வேலையை விட்டு நிறுத்தியது, பட்டாவில் சகோதரன் பெயர் மட்டும் இருப்பது. எல்லாம் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்லப்படும். அடிப்பது களைப்பில்லை, விரல்கள் தாமாகப் போகும். கேட்பதுதான் களைப்பு. ஒரு நாளைக்கு நான்கு பேரின் துயரத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், சொந்தப் பிள்ளை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வரும்போது "அப்புறம் சொல்லு" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த அக்கா வந்த நாளில் நான் அப்படித்தான் களைத்திருந்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் பூண்டி ஊர்க்காரர். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் தாண்டி, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். காட்டை ஒட்டிய சரிவில் அவர்களுக்குப் பூண்டு வயல் இருந்தது. வயலின் ஓரத்தில் ஒரு காவல் குடிசை. வயல் முடிகிற இடத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல், அதற்கப்பால் காடு. அவர் வருவதற்கு முந்தின மாதம், ஒரு விடிகாலையில், அவருடைய கணவரைக் காட்டுமாடு முட்டிக் கொன்றுவிட்டது. குத்துப்பட்டவர் எழுந்து, எந்தத் திசையென்று தெரியாமல் சரிவில் இறங்கி ஓடியிருக்கிறார். ஓடையைத் தாண்டி, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு அடியில் விழுந்துவிட்டார். ஊர் ஆட்கள் வந்து பார்த்தபோது அவர் காட்டுக்குள் கிடந்தார். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். காட்டுக்குள் போய் மாட்டிடம் மாட்டிக்கொண்டாரா, வயலில் நின்றவரை மாடு வந்து முட்டியதா என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் சிலர், அவர் முயலுக்குக் கண்ணி வைக்கப் போனார் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். பார்த்த சாட்சி அந்த அக்கா ஒருவர்தான். விசாரிக்கும் வனத்துறை அதிகாரி வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. ஆகவே அக்கா தன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அவரு காவலுக்குக் குடிசையிலதான் படுத்திருந்தாரு மேடம்" என்று ஆரம்பித்தார். "வெள்ளனே டீ எடுத்துட்டுப் போனேன். பனி மூடிக் கெடந்துச்சு. வரப்புல நின்னு கூப்பிட்டேன். என் சத்தம் கேட்டுக் குடிசைய விட்டு வெளிய வந்தாரு. அந்நேரத்துக்குன்னு மாடும் காட்ட விட்டு வெளிய வந்துச்சு. நான் கூப்பிடாம இருந்திருந்தா அவரு உள்ளதான் இருந்திருப்பாரு." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எத்தனை முறை சொன்னாலும் அவர் வெளிய வந்தாரு, அது வெளிய வந்துச்சு என்ற இரண்டையும் அதே வரிசையில், அதே வார்த்தையில்தான் சொன்னார். "காட்டுக்குள்ள அவருக்கு என்ன சோலி மேடம்? எங்க வீட்டுக்காரரு உள்ள போகல. அதுதான் வெளிய வந்துச்சு. அத மட்டும் நல்லா எழுதிருங்க." காட்டுக்கு வெளியே மாடு முட்டி இறந்தால் அரசு உதவித் தொகை என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை.

தமிழில் வெளியே வருவதற்கு ஒரே வார்த்தை போதும். குஞ்சு முட்டையிலிருந்து வெளியே வரும், கைதி சிறையிலிருந்து வெளியே வருவான், பரீட்சை முடிவு வெளியே வரும். யார், எங்கிருந்து என்பதை மற்ற வார்த்தைகள் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. கண்ணுக்குத் தென்பட்டால் 'அப்பியர்'. மறைவிலிருந்து வெளிப்பட்டால் 'எமர்ஜ்'. காணாமல் போனவர் எதிர்பாராமல் வந்து நின்றால் 'டர்ன் அப்'. சும்மா வெளியே வந்தால் 'கம் அவுட்'. இவற்றை நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். ஒரே வினைச்சொல்லை ஒரு பத்தியில் இரண்டு முறை எழுதினால் எங்கள் ஆங்கில சிஸ்டர் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வாயா என்று கேட்பார். எங்கள் அப்பா ஒரு பங்களாவில் சமையல்காரர். அந்த வட்டம் இல்லாத நோட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுவதுதான் எனக்கு அந்த வயதில் பெரிய சந்தோஷம். அந்தப் பழக்கம் விரல்களில் தங்கிவிட்டது.

அக்கா சொன்னதை நான் நேராக ஆங்கிலத்தில் அடித்தேன். இரவுகளில் அவர் குடிசையில் காவல் இருப்பது வழக்கம் என்று முதல் பத்தியில் எழுதினேன். வயல், ஓடை, காடு எங்கே இருக்கின்றன என்பது அடுத்த பத்தி. எங்கள் வயலுக்குக் கீழே காடு இருக்கிறது என்று அந்தப் பத்தி முடிந்தது. அதற்கு அடுத்த வரியில், கூப்பிட்டதும் கணவர் 'எமர்ஜ்டு' என்றும், அதே நேரத்தில் விலங்கு 'அப்பியர்டு' என்றும் அடித்தேன். 'கேம் அவுட்' என்று இரண்டு முறை வந்தால் சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும் என்று தோன்றியது. குடிசையைப் பற்றியும் காட்டைப் பற்றியும் மேலேயே சொல்லியாகிவிட்டதால், குடிசையிலிருந்து, காட்டிலிருந்து என்ற இரண்டையும் விட்டுவிட்டேன். வாக்கியம் சுருக்கமாக, அழகாக இருந்தது. அடித்து முடித்ததும் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "எல்லாம் சரியா எழுதிருக்கேங்க்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, காகிதத்தைத் துளைத்துவிடும் அளவுக்கு அழுத்தி எழுதினார். அந்தத் தாளைப் பற்றி எனக்குள் சின்னப் பெருமைகூட இருந்தது.

நான்கு மாதம் கழித்து அந்த அக்கா மறுபடியும் வந்தார். கையில் ஆங்கிலத்தில் ஓர் ஆணை. தபாலில் வந்ததாம். ஊரில் யாரிடமும் காட்டாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக என்னிடம் கொண்டுவந்திருந்தார். "நீங்கதான எழுதுனீங்க, நீங்களே வாசிங்க மேடம்" என்றார். நான் முதலில் மனதுக்குள் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் என் வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. என் காற்புள்ளிகூட அப்படியே இருந்தது. அதன் கீழே, வயலுக்குக் கீழே காடு இருப்பதாகவும், கூப்பிட்டதும் கணவர் வெளிப்பட்டதாகவும், அதே நேரத்தில் விலங்கு தென்பட்டதாகவும் மனைவியே கூறியிருக்கிறார். ஆகவே இறந்தவர் காட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். உடல் கிடந்த இடமும் அதையே காட்டுகிறது. அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைந்தபோது நேர்ந்த மரணம் என்று முடிவு செய்யப்படுகிறது என்று எழுதியிருந்தது. எழுதியவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. அந்த வரிகளை மட்டும் படித்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன்.

"என்ன போட்டிருக்கு மேடம்?"

"அவரு காட்டுக்குள்ள போனாருன்னு முடிவு பண்ணிருக்காங்கக்கா."

அவர் உடனே அழவில்லை. பையை மடியில் வைத்து, அதன் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "நான் அப்படிச் சொல்லலியே" என்றார். பிறகு, "நாந்தான் ஒழுங்காச் சொல்லலியோ? அன்னிக்கு அழுதுக்கிட்டே சொன்னேன்ல. முன்னப் பின்னச் சொல்லிட்டேனோ?" என்று என்னைக் கேட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கடைக்காரர் பக்கத்தில் நின்றார். இப்படி ஒரு தப்பு வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் இந்தப் பெஞ்சில் வந்து உட்காருவார்கள் என்ற நினைப்பும் வந்தது. நான், "இருக்கலாங்க்கா" என்றேன். அவர் தலையாட்டினார். என் தலைக்குமேல் இருந்த நாட்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய். தூங்கவில்லை என்று சொன்னாலும் பொய்தான். வேலைக்கு வந்தேன், அடித்தேன், வீட்டுக்குப் போனேன். சில வாரங்கள் போயின. ஒருநாள் பூண்டியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிவரும் லாரிக்காரர் ஆர்.சி. புத்தகம் நகலெடுக்கக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் அக்காவைப் பற்றிக் கேட்டேன். "அவங்களா? யாருகிட்டயும் பேச மாட்டேங்குறாங்க" என்றார். "ஆர்டரு விசயம் ஆபீஸ் மூலமா ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. அண்ணன்காரரு ஊரு முன்னாடி வச்சே கேட்டுப்புட்டாரு, எந்தம்பி பேர நீயே வாயத் தொறந்து கெடுத்துட்டியேன்னு. அதுலருந்து வயலுக்கும் போறதில்ல. பூண்டு பிடுங்காம அப்படியே கெடக்கு." அவர் நகலுக்கான சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பூண்டி பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் போன பருவத்துப் பூண்டைக் குவித்து வைத்து, அதன் காய்ந்த தாளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளேயிருந்து நாற்காலி எடுத்து வந்தார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். அவர் சொன்னது சரிதான், நான் எழுதியதுதான் தப்பு, அன்றைக்கு ஆணையை வாசித்தபோதே எனக்கு அது தெரியும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பூண்டு கட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டுக்குத் தாளை எடுக்கும்போது கேட்டார்.

"அவரு வெளிய வந்ததுக்கு என்ன வார்த்தை போட்டீங்க?"

"எமர்ஜ்."

"மாடு வந்ததுக்கு?"

"அப்பியர்."

"நான் ஒரே வார்த்தைதான சொன்னேன்."

"ஆமாக்கா."

"பெறகு எதுக்கு ரெண்டு?"

நான் உண்மையைச் சொன்னேன். ஒரே வார்த்தை இரண்டு முறை வந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டது. அவர் கையிலிருந்த கட்டை இறுக்கி முடிந்தார். பிறகு, "நல்லா இருக்கணும்னுதான் செஞ்சிருக்கீங்க" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தியிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். "இப்ப அத எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். 'கேம் அவுட்' என்றேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அப்பியருக்கும் எமர்ஜுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். பூண்டுப் பல்லை வைத்துச் சொன்னேன். பல்லை உள்ளங்கையில் மூடிவைத்துக் கையைத் திறந்தால், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் கவலையில்லை, கண்ணில் பட்டது, அது 'அப்பியர்' என்றேன். மண்ணுக்குள் மறைந்து கிடந்த முளை மேலே தலைகாட்டினால் 'எமர்ஜ்'. சாக்கிலிருந்து உருண்டு விழுந்தால் 'கேம் அவுட்', அப்போதும் எந்தச் சாக்கிலிருந்து என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். குடிசைக்கும் காட்டுக்கும் ஆங்கிலம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மதிய பஸ் வரும்வரை அவர் பூண்டு கட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கட்டினேன். அவர் போட்ட முடிச்சுகள் ஒரே மாதிரி இருந்தன. என்னுடையவை அவிழ்ந்துகொண்டே இருந்தன. அவற்றை அவர் எடுத்துத் திரும்பக் கட்டினார்.

நான் என் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தேன். அவர் மறுவிசாரணை கேட்டு மனுக் கொடுத்தார். இந்த முறை தமிழில் எழுதி, அதன் கீழே ஆங்கிலம் எழுதி, இரண்டையும் வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். விசாரணைக்கு வேறோர் அதிகாரி வந்தார். சின்ன வயது. இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அவரே வயலுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். ஆனால் என்மேல்தான் புகார் என்பதால் நான் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். அதிகாரியுடன் வந்த ஓர் எழுத்தர் மொழிபெயர்த்தார். வரப்பின் மேல் ஊர்க்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். கணவரின் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூண்டு பிடுங்காமல் விட்ட வயலில் தாள்கள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன.

அக்கா தான் நின்ற இடத்தில் போய் நின்று, அன்றைக்கு எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிட்டுக் காட்டினார். கணவரின் பெயரைச் சொல்லி அல்ல. அவர்கள் வீட்டில் "ஏங்க" என்றுதான் கூப்பிடுவது. அந்த ஒரு சத்தம் சரிவில் இறங்கிப் போய் அடங்கியது. வரப்பில் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அக்கா, அவர் வெளிய வந்தாரு, மாடும் வெளிய வந்துச்சு என்று சொன்னார். எழுத்தர் அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கும் நேர்த்தியாகப் பேச வேண்டும் போலிருந்தது. விலங்கு 'அப்பியர்டு' என்றார்.

"அப்பியர் இல்ல சார்" என்றார் அக்கா.

எழுத்தர் புரியாமல் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. நேராக அதிகாரியைப் பார்த்து, குடிசையை நோக்கிக் கையை நீட்டினார். "ஹஸ்பண்ட், கேம் அவுட், ஹட்." பிறகு கையை அப்படியே இறக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். "அனிமல், கேம் அவுட், ஃபாரஸ்ட்." கொஞ்சம் நிறுத்தி, தனக்குத் தெரிந்த வார்த்தைகளையெல்லாம் தேடுவதுபோல யோசித்து, "ஹஸ்பண்ட் நோ கோ" என்று சொல்லிக் காட்டை மறுபடியும் காட்டினார். அதிகாரி அவர் கை போன திசையெல்லாம் பார்த்தார். குடிசைக்கு நடந்து போய் உள்ளே குனிந்து பார்த்தார். அங்கிருந்து அக்கா நின்ற வரப்புக்கு அடி எண்ணி நடந்தார். பிறகு ஓடைவரை இறங்கினார். மிதித்து முறிந்த வேலிக்கம்புகள் வயல் பக்கமாகவே சாய்ந்திருந்தன. இத்தனை மாதம் கழித்தும் யாரும் அவற்றை நிமிர்த்தவில்லை. அவற்றைப் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது அக்காவிடம் தமிழில், "நன்றி அம்மா" என்று மட்டும் சொன்னார்.

படத்தில் வருவதாக இருந்தால் அடுத்த நாளே தீர்ப்பு வந்திருக்கும். இங்கே ஒன்றரை வருடம் ஆனது. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். கோப்பு எங்கோ இருந்தது. ஒவ்வொரு மாதமும் நான் நினைவூட்டல் கடிதம் அடித்தேன். அக்கா அதில் கையெழுத்துப் போட முதலில் என்னிடமே வந்துபோனார். பிறகு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அதற்குள் அவருக்கு அந்த வயலைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கீழே பாலசமுத்திரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். கணவரின் அண்ணன் மட்டும் ஒருமுறை கடைக்கு வந்து, கடுதாசி எதுவும் வந்ததா என்று கேட்டார். அவராகக் கேட்க வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொன்னேன், உட்காராமல் போய்விட்டார்.

இப்போது என் மேசைக்கு ஆட்கள் குறைவு. எல்லாரும் போனில் பேசுகிறார்கள், போன் ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிடுகிறது. அச்செடுக்க மட்டும் கடைக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு ஜீப் டிரைவர் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தார். வளைவில் ஒரு வண்டி வந்து மோதிவிட்டதாக விபத்துப் புகார். 'எ வெஹிகிள் அப்பியர்டு' என்று இருந்தது. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டேன். "அதான் போட்டிருக்குல்லக்கா, வெரசா ஒரு காப்பி எடுங்க, ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, எந்தப் பக்கமிருந்து என்று எழுத வைத்து அனுப்பினேன். அவருக்கு எரிச்சல்தான். எனக்கும் இப்போதெல்லாம் இப்படிப் பிடித்து உட்கார வைப்பதற்குத் தெம்பு குறைந்து வருகிறது. பத்துப் பேரில் இரண்டு பேரைத்தான் உட்கார வைக்கிறேன். மற்ற எட்டுப் பேர் தங்கள் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த ஒன்றரை வருடத்துக்குப் பிறகு புதிய ஆணை பூண்டி முகவரிக்குத்தான் வந்தது. அண்ணன் அதைப் பிரிக்காமல் பஸ் டிரைவரிடம் கொடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். நானும் பிரிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பழனி பஸ்ஸில் மலையிறங்கி, பாலசமுத்திரம் போனேன். கீழே வெயில் முகத்தில் அடித்தது. அக்கா இளைத்திருந்தார். ஸ்வெட்டர் இல்லாமல் அவரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தங்கை வீட்டில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து, "வாசிங்க" என்றார்.

தமிழில் வாசித்தேன். இறந்தவர் குடிசையிலிருந்து வெளியே வந்தார். விலங்கு காட்டிலிருந்து வெளியே வந்தது. தாக்கப்பட்ட பிறகே அவர் எல்லையைக் கடந்து விழுந்தார். அவர் காட்டுக்குள் நுழைந்தார் என்ற முந்தைய முடிவு நீக்கப்படுகிறது. அக்கா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை, அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொன்னார்.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான போட்டிருக்காங்க?"

"ஆமாக்கா. ரெண்டுக்கும் கேம் அவுட்தான்."

அவர் தாளை வாங்கி, எழுத்தின்மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். மடித்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார். அழுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அழவில்லை. நான் என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. சரி, போகட்டும் என்பதுபோல ஏதாவது. அதைக் கேட்டுவிட்டால் அடுத்த நாள் மேசையில் உட்காருவது கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நீங்க பூண்டிக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா, என் வாயாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சே போய்ச் சேந்திருப்பேன்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா நாப்பத்தியோரு நாள் கழிச்சுத்தான் வந்தீங்க மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்கு எத்தனை மூட்டை போனது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். "அந்த நாப்பத்தியோரு நாளும் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. பேசுனா இன்னும் என்ன ஆயிருமோன்னு பயம். புள்ளைக்குச் சோறு வைக்கும்போதுகூடப் பேசல. அது பயந்து போயி அவ சித்திக்குப் போன் பண்ணுச்சு."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் என் டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"நாலரைக்கு பஸ்ஸு. வெரசாப் போனாத்தான் சீட்டுக் கெடைக்கும்" என்றார். "கெளம்புங்க."

நான் கிளம்பினேன்.